மரப்பேனாவும் கொண்டல் காற்றும்

வார்னிஷ் காயும். பிரெஞ்சு பாலிஷும் காயும். அதிலிருக்கும் ஸ்பிரிட் பறந்ததும் அரக்கு மட்டும் மரத்தின் மேல் தங்கிவிடும். பேனாவுக்கு நான் போடுகிற பசை மெருகு அப்படி எதையும் இழந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் கெட்டியாகிறது. புட்டிக்குள் தண்ணீர் பதத்தில் ஓடிக்கொண்டிருந்தது, மரத்தின் மேல் மெல்லிசாகப் பரவிய சில நொடிகளில் விரலுக்கு வழுக்குகிற கெட்டித் தோலாக மாறிவிடுகிறது. அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். கடலோர ஊரில் அந்த அளவு காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. புதுச்சேரியில் இருந்துகொண்டு மரப்பேனா கடைகிற நான் இந்த மெருகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்: வாசலுக்கு வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் புட்டியைத் திறக்க வேண்டும்.

யூடியூபில் இந்த வேலையைக் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர் நாட்டுக்காரர்கள். ஹீட்டர் ஓடுகிற, காற்று வறண்ட அறையில் நின்று செய்கிறார்கள். அங்கே பசை இறுகத் தாமதமாகும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஆக்சிலரேட்டர் என்கிற, பசையைச் சட்டென்று இறுக்கும் தூவலை அடிப்பார்கள். அதை அப்படியே முத்தியால்பேட்டையிலோ கடலூர் துறைமுகப் பக்கத்திலோ செய்தால் பூச்சு கொதித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குமிழ் நிற்கும். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. நம் ஊருக்குத் தனியாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

பசை என்றால் என்ன பசை? மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஃபெவிக்விக்கின் இனம்தான். சயனோஅக்ரிலேட் என்பது அதன் பெயர். 1942ஆம் ஆண்டு அமெரிக்காவில், துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் கைக்கு இது முதலில் வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் அவருடைய குழுவில் இருந்த ஃபிரெட் ஜாய்னர், ஒளிவிலகலை அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதைத் தடவினார். பட்டகங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. தொல்லை என்று தள்ளியதுதான் சரக்கு என்று அப்போது புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது.

புட்டிக்குள் இது திரவமாக இருப்பதற்குக் காரணம், மிகச் சிறிதளவு அமிலம் கலந்து வைத்திருப்பதுதான். வெளியே வந்து நீர் மூலக்கூறுகளைச் சந்தித்ததும் அந்தக் கட்டு உடைகிறது. ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்க, அது அதற்கடுத்ததைப் பிடிக்க, சங்கிலி நீண்டு இறுகுகிறது. இறுகும்போது சூடும் கிளம்பும். பசை தயாரிப்பவர்கள் இதற்குத் தோதான காற்று ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் என்கிறார்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அது 80ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன்னால், இதை ஏன் மரத்தின் மேல் போட வேண்டும் என்ற கேள்வி. மர வேலை தெரிந்தவர்கள் என்னிடம் வருத்தத்தோடு கேட்பது இது: "இவ்வளவு நல்ல மரத்தை எடுத்துக் கடைஞ்சிட்டு, மேல பிளாஸ்டிக்கைப் பூசி மூடுறீங்களே?" இறுகிய பிறகு அது பிளாஸ்டிக்தான், மறுக்க முடியாது. எண்ணெய் தேய்த்த மரம் கைக்கு எவ்வளவு இதமானது என்பதும் எனக்குத் தெரியும். ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய் போதும், அலமாரிக்கு பிரெஞ்சு பாலிஷ் போதும். பேனா மூன்று விரலுக்கு நடுவே மணிக்கணக்கில் இருக்கிற பொருள். சித்திரை, வைகாசியில் இந்த ஊரில் விடைத்தாள் திருத்த உட்காரும் ஒரு ஆசிரியரின் விரல்களை நினைத்துப் பாருங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது, லேசான அமிலம் இருக்கிறது, தோலின் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் மட்டும் தேய்த்த வெளிர்நிற மரம் ஒரே கோடையில் பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து, அழுக்கேறி, சொரசொரப்பாகிவிடும். அரக்கு வியர்வைச் சூட்டில் பிசுபிசுக்கும். சானிடைசர் பட்ட கையால் பிடித்தால் அதிலுள்ள ஆல்கஹாலுக்கே கரையும். பசை மெருகு இரண்டுக்கும் அசையாது. மரத்தின் ரேகையை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். கண்ணுக்கு மரம் வேண்டும், கைக்குக் காவல் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு மரத்துக்கு இதைப் போட மாட்டேன், சந்தனத்துக்கு. வாசனைக்காகவே ஒருவர் வாங்கும் மரத்தின் மூக்கை அடைப்பது நியாயமில்லை.

திருவள்ளூரில் எபோனைட் பேனாக்களைக் கையால் கடைகிறார்கள், பேனாப் பிரியர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். உள்ளும் புறமும் ஒரே பொருள். தேய்த்துத் தேய்த்தே அதை மினுக்கிவிடலாம். மரத்துக்கு அந்த வசதி இல்லை. மரம் முழுக்க நுண்குழாய்கள். எவ்வளவு தேய்த்தாலும் குழாயின் வாய் திறந்தேதான் இருக்கும். அந்த வாய்களை அடைத்து, மேலே ஒரு சமதளத்தை எழுப்பி, அந்தச் சமதளத்தை மினுக்குவதுதான் இந்த வேலை.

கடையும்போதே லேத்திலேயே மெருகும் போடுவது நமக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானின் நிறமெல்லாம் அப்படி ஏறியதுதான். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கட்டில் கால், தொட்டில் கட்டை கடைகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடைசல் பட்டறையில் ஆயுளைக் கழித்தவர். மெருகு போட்ட ஒரு பூவரசம் பேனாவை அவர் கையில் கொடுத்தேன். பார்த்ததும் நகத்தால் கீறினார். கீறல் விழவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

"தம்பி, அரக்கு சூட்டுக்கு இளகும். மரம் சூடானா தானா வாங்கிக்கும். இது எதுக்கு இளகும்?"

"இளகாதுங்க ஐயா. ஈரத்துக்கு இறுகும்."

"ஈரத்துக்கா?" கொஞ்ச நேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அப்போ கொண்டல் அடிக்கிற நேரத்துல வைச்சுக்காத. அடை மழையில தொடவே தொடாத. அப்புறம், கை நிக்கக் கூடாது. அரக்கானாலும் சரி, உன் பசையானாலும் சரி, கை நின்ன இடத்துல வளையம் விழும்."

இந்தப் பசையை அவர் அதற்கு முன் மெருகாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் இரண்டு முக்கியமான சங்கதிகளையும் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டார்.

கொண்டல் என்பது கடல் பக்கமிருந்து வரும் கீழைக் காற்று. ஆனி, ஆடியில் காலையிலிருந்து மேல்காற்று அடிக்கும். நிலத்தின் மேல் வறண்டு வருகிற காற்று. அப்போது மத்தியானம் வரை ஈரப்பதம் இறங்கியிருக்கும். பிறகு கடல் காற்று உள்ளே நுழையும். வெப்பம் தணிந்ததென்று ஊரே மூச்சு விடும், ஆனால் ஈரம் சட்டென்று ஏறிவிடும். ஆகவே என் பட்டறையில் பசைப் புட்டி திறப்பது முற்பகல் பத்து மணிக்குப் பிறகு, கொண்டல் திரும்புவதற்கு முன். நூறு, இருநூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. லேத்துக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டுங்கள். 65ஐத் தாண்டினால் அன்றைக்குக் கடைசல் வேலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூடிய சின்ன அறையில் ஏசி ஓடினால் மழைக்காலத்திலும் செய்யலாம், ஏசி காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஈரம் அதிகமானால் என்ன ஆகும்? பசையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றிலேயே ஈரத்தைச் சந்தித்து இறுகி, பொடியாகப் பேனாவின் மேலேயே வந்து படியும். கறுப்பு மரத்தில் வெள்ளை பூத்ததுபோல் தெரியும். தடயவியல் துறையினர் கைரேகை எடுப்பதற்கு இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: மூடிய பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி, பசையைச் சூடாக்கி ஆவியாக்கினால், பொருளின் மேல் விரல் பட்ட கோடுகளில் அந்த ஆவி வெள்ளையாகப் படிந்து ரேகை தெரியவரும். பேனாக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உப்புத்தாள் போட்டு முடித்த மரத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத வியர்வைத் தடத்தைப் பசை தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடம் மட்டும் முந்தி இறுகி மங்கலாக நிற்கும்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் மெருகுக்குப் போக முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்கள் அவை. அறுத்துப் பலகையானது போக மிஞ்சிய துண்டுகள் வருடங்கள் கழித்தும் மரவாடிகளின் மூலையில் கிடந்தன. பேனாவுக்கு என்ன பெரிய கட்டை வேண்டும்? இருபது மில்லிமீட்டர் சதுரம், ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். விறகுக்குப் போக வேண்டிய துண்டில் நாலு பேனா வரும். பலாவைப் புதிதாகக் கடைந்தால் பளீரென்ற மஞ்சள். தென்கிழக்கு ஆசியாவில் பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் இறக்கியது இந்த மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலிருந்துதான். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்த மஞ்சள் தேன் நிறத்துக்கு இறங்கும். பசைக்கு அடியில் இருந்தாலும் இறங்கும், மெருகு வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சிலர் அதற்காகவே பலா கேட்கிறார்கள்.

பூவரசு எனக்குப் பிடித்த மரம். வேலியோரத்து மரம் என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் நடு வைரம் சாக்லேட் நிறத்தில் ஊதா ஓடி அவ்வளவு அழகாக இருக்கும். பழைய பர்மா தேக்கு புதுச்சேரியில் வீடு இடிக்கிற இடங்களில் கிடைக்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், எண்ணெய்ப் பசையும் உண்டு. ஈட்டி மரத்திலும் எண்ணெய் உண்டு. இப்படிப்பட்ட மரங்களைப் பசை போடுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து மேல் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். துடைத்துவிட்டு நாளைக்குப் போடலாம் என்று வைத்தால் உள்ளிருந்து திரும்ப ஏறிவிடும். கருங்காலி நெருக்கமான மரம், மெருகைக் கொஞ்சமாகக் குடித்துச் சீக்கிரம் மினுங்கும்; ஆனால் சூடு தாங்காது. உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் முடி போல விரிசல் ஓடும்.

இனி, பேனா வெடிப்பது ஏன் என்பது. மரத்துக்குள் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் விரியும், சுருங்கும், பித்தளை அசையாது. 80 சதவீத ஈரக் காற்றில் கிடக்கும் மரத்தில் அதன் எடையில் சுமார் 15 சதவீதம் தண்ணீர் இருக்கும். அதே மரம் டெல்லியில் ஏசி அலுவலகத்துக்குப் போய் 40 சதவீதக் காற்றில் இருந்தால் 8 சதவீதம் வரை இறங்கும். இறங்கும்போது சுருங்கப் பார்க்கும். குழாய் விடாது. கடைசியில் மரம் வெடிக்கும், மேலிருக்கும் மெருகும் கூடவே கீறும். நூறு வருடக் கதவுத் தேக்கு என்றாலும் கதை இதுதான். பழைய மரமும் காற்றின் ஈரத்தைக் குடிக்காமல் இருப்பதில்லை. அதனால் கட்டைகளைத் துளை போட்டுவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். நகைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைவது நின்ற பிறகுதான் குழாய் ஒட்டுவது. மெருகு நன்றாக வரவில்லை என்று என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை மெருகில் இருப்பதில்லை, இங்கே இருக்கிறது.

கடையும் அளவும் முக்கியம். பூச்சும் ஒரு பருமன்தான். பேனாவின் உலோக முனைகளுக்குச் சரியாக மரத்தைக் கடைந்து, அதன் மேல் பசையும் ஏற்றினால் மரம் முனையைத் தாண்டிப் புடைத்து நிற்கும், விரலுக்கு உறுத்தும். முனைகளில் மயிரிழை குறைத்துக் கடைந்து, பூச்சு ஏறிய பிறகு வெர்னியரில் அளந்து சமனாக்க வேண்டும்.

உப்புத்தாள் 150இல் தொடங்கி 240, 320, 400, 600 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, ரேகை ஓடுகிற வாக்கில் நீளமாகக் கையால் நாலு இழுப்பு இழுங்கள். சுழலும்போது விழுந்த வட்டக் கீறல்கள் அப்போதுதான் போகும். இல்லாவிட்டால் அத்தனை கீறலையும் பசை உருப்பெருக்கிக் காட்டும். இன்னொன்று: கட்டையின் இரண்டு முனையிலும் அளவுக்காக மாட்டும் இரும்பு வளையங்களை (புஷ்) கழற்றாமலே உப்புத்தாள் போட்டால் இரும்புத் தூள் வெளிர் மரத்தில் சாம்பல் கறையாக ஏறும். பலாவுக்கு இது பெரிய கேடு. உப்புத்தாள் முடிந்ததும் தூசியை ஊதி, ஸ்பிரிட்டால் துடைத்து, புஷ்களைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் கடைந்த கூம்புகளை மாட்டுவது உத்தமம். இந்தப் பசை அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. கூம்பு மாட்டினால் பேனாக் கட்டையின் இரண்டு வெட்டு முகங்களிலும் கொஞ்சம் பசை இறங்கி அடைத்துவிடும். பிறகு தண்ணீர் வைத்துத் தேய்க்கும்போது ஓரம் வழியாக உள்ளே ஈரம் போகாது.

தேக்கு, பலா மாதிரித் துளை பெரிய மரத்துக்கு முதல் பூச்சை வேறு மாதிரிப் போட வேண்டும். மெல்லிய பசை சில சொட்டு விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே 400 தாளால் தேய்த்தால், அந்த மரத்தின் தூளே பசையோடு குழைந்து துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். நிறம் மாறாது. வெளியிலிருந்து வாங்கும் எந்தப் புட்டியும் இதற்கு ஈடாகாது.

பிறகு பூச்சு. லேத் நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் மெதுவாக ஓடட்டும். டிஷ்யூ பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, மரத்துக்கு அடியில் பிடியுங்கள். மேலிருந்து சொட்டு விட்டபடியே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு. அவ்வளவுதான். திரும்பி வரக் கூடாது. போன தடத்தில் பசை அதற்குள் கூழாகத் தொடங்கியிருக்கும். திரும்பப் போனால் அதைக் கிழித்துக்கொண்டு வரும். பெரியவர் சொன்ன வளையம் விழுவது கை தயங்கிய இடத்தில். இழுப்பு சரியாக விழுந்தால் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும்: காகிதம் கடந்த இடமெல்லாம் ஈரப் பளபளப்பு ஒன்று காகிதத்துக்குப் பின்னாலேயே ஓடிவந்து, அடுத்த நொடியே அடங்கி இறுகும். மரத்தின் நிறம் அந்தக் கணத்தில்தான் ஆழமாகத் திறக்கும். பூவரசின் ஊதா முதல் பூச்சில்தான் வெளியே வரும், வெறும் மரத்தில் அது தெரியாது.

துணியால் போடாதீர்கள். பருத்தித் துணி, பஞ்சு இரண்டும் இந்தப் பசையைப் பட்டென்று இறுக்கும். அப்போது வரும் சூடு புகையெழும்பித் தோலைச் சுடும் அளவுக்குப் போகலாம். பருத்திக் கையுறையும் கூடாது, நைட்ரைல் போடுங்கள். சுழலும் மரத்திலிருந்து சொட்டு தெறிக்கும், ஆகவே கண்ணாடி இல்லாமல் லேத்தின் முன் நிற்கவே கூடாது. ஃபேன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருந்து ஆவியை ஜன்னலுக்கு இழுத்துப் போகட்டும். மரத்தின் மேல் நேராக அடித்தால் பூச்சு சீராக இறுகாது. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

மெல்லிய பசை மூன்று நான்கு பூச்சு, அதன் மேல் அதைவிடச் சற்றுக் கெட்டியான நடுத்தரப் பசை ஆறிலிருந்து எட்டுப் பூச்சு என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆக்சிலரேட்டர் இல்லாமல் தானாக இறுக விடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். அவசரம் என்று அடிக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு அடி தள்ளி நின்று ஒரே ஒரு தூவல். கடைசிப் பூச்சு போட்ட பேனாவை அன்றே தேய்க்காமல் மறுநாளுக்கு வைப்பதே என் வழக்கம். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுதாக இறுக ஒரு நாள் பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகு பேனாவைப் பார்த்தால் மினுக்கும், ஆனால் அலை அலையாக இருக்கும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வழவழப்பு இனிமேல்தான் வருகிறது. 400 அல்லது 600 வாட்டர் பேப்பரை லேசாகப் பிடித்துத் தேய்த்து, லேத்தை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேடான இடமெல்லாம் மங்கியிருக்கும். பள்ளமான இடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கும். ஒரு மினுக்கம்கூட மிச்சமில்லாமல் முழுப் பேனாவும் ஒரே மங்கலாகும்வரை தேய்க்க வேண்டும். மனசு வராது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பளபளப்பை நாமே அழிக்கிறோமே என்றிருக்கும். அழித்தால்தான் தளம் சமனாகும். எங்காவது பூச்சு முழுக்கத் தேய்ந்து மரம் வெளிப்பட்டால் அந்த இடம் வெளிறித் தெரியும். உடனே நிறுத்தி, துடைத்து உலரவிட்டு இன்னும் இரண்டு பூச்சு ஏற்றிக்கொள்ளலாம். இந்த மெருகில் எனக்குப் பிடித்த குணம் அது, எந்தக் கட்டத்திலும் திரும்பிப் போய்ச் சரிசெய்ய இடம் கொடுக்கும்.

மங்கலான பிறகு மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகுத் தாள். 1500இலிருந்து 12000 வரை ஒன்பது தாள், தண்ணீர் தொட்டு, மெதுவான சுற்றில். ஒவ்வொன்றுக்கும் பிறகு பால் போல ஊறும் கலங்கலைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முந்தைய தாளின் ஒரு துகள் தங்கினாலும் கீறிவிடும். கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் ஒரு துளி. எல்லோருக்கும் கண்ணாடிப் பளபளப்பு பிடிக்காது. 4000க்குப் பக்கத்தில் நிறுத்தினால் பட்டுபோல ஓர் அடக்கமான மினுக்கம் கிடைக்கும், வியர்க்கும் கைக்கு வழுக்காது. நான் எழுதுகிற பேனா அப்படிப்பட்டதுதான்.

கூம்பிலிருந்து கட்டையைக் கழற்றும்போது சந்திப்பில் படிந்த பசையை மெல்லிய கத்தியால் ஒரு சுற்றுக் கீறிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சில்லாகப் பெயரும். கழற்றிய கையோடு உலோக முனைகளைப் பூட்டிப் பெட்டியில் மூடாதீர்கள். மெருகிலிருந்து மிச்சமிருக்கும் ஆவி பெட்டிக்குள் அடைந்தால் நிக்கல், தங்க முலாமின் மேல் மங்கல் படியும். ஓரிரு நாள் திறந்த தட்டில் கிடக்கட்டும்.

புட்டியை ஃபிரிட்ஜில் வைக்கலாம், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த புட்டியின் வாயில் நம் ஊர்க் காற்று பட்டதும் தண்ணீர் கோக்கும். அந்தத் துளி உள்ளே இறங்கினால் பசை கட்ட ஆரம்பிக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

நாள்பட எழுதிய பேனாவில் மெருகு மங்கும், சாவிக்கொத்தோடு பையில் கிடந்தால் கீறலும் விழும். அதற்காக எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. முனைகளைக் கழற்றிக் கட்டையைத் திரும்ப லேத்தில் ஏற்றி, 600 தாளால் மேல் பரப்பை மங்கலாக்கி, இரண்டு பூச்சு ஏற்றி, மைக்ரோமெஷ் போட்டால் புதிதாகிவிடும். என்னிடம் வாங்கியவர்கள் பேனாவைக் கொண்டுவந்தால் இதைச் செய்து கொடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கொடுத்தால் மட்டும் தை வரை பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தையிலும் பனி இறங்கும் காலை வேளையில் போட மாட்டேன், வெயில் ஏறட்டும்.